ஐந்தாவது தடுப்பு

இசோபேயின் வலது கைச் சுட்டுவிரல் அவருக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிடும். காலையில் காலணியை மாட்டியதும் அந்த விரல் காதோரம் வரை உயரும். முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கை முழுதாக நீண்டு சமையலறையின் எரிவாயுக் குழாயைக் காட்டும். "மூடியிருக்கு. சரி!" அடுத்து ஜன்னல் கொக்கி. "சரி!" அடுத்து குளியலறை விளக்கு. ஒவ்வொன்றையும் காட்டி முடித்ததும் விரல் நுனியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திக்கொள்வார், விரல் இன்னும் கையோடுதான் இருக்கிறதா என்று பார்ப்பவரைப்போல. சத்தமும் வெளியே வரவேண்டும். மனசுக்குள் சொன்னால் கணக்கில்லை.

"என்னையும் ஒரு தடவ காட்டிட்டுப் போங்களேன்," என்பாள் மனைவி. "இருக்கேனா இல்லையான்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

டிசம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. அவர் வாசல் கதவைக் காட்டிக்கொண்டிருந்தபோது கடல் பக்கம் இடி உருண்டது. சகாதா ஊரில் டிசம்பர் இடியை யாரும் மழைக்கணக்கில் சேர்ப்பதில்லை. ஹதஹதா மீன் கரைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று செல்வம் தரும் தாய்கோகு சாமியின் நாள் வேறு. ராத்திரி வீட்டுக்கு வீடு அந்த மீனை வாட்டி, இனிப்பான மிசோ சோயா விழுதைத் தடவித் தின்பார்கள்.

"மூணு மணிக்கு வேல முடிஞ்சிடும்," என்றார்.

"முடியும்னு தாள்ல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப முடிஞ்சிடும்."

அவள் சொன்னதில் கிண்டல் பாதி, உண்மை பாதி. கணினிகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இசோபேக்கு இருபத்துமூன்று வருஷ வேலை. இதுவரை அவர் பெயரில் ஒரு தவறும் பதிவாகவில்லை. திறமைசாலி என்று அவரை யாரும் சொன்னதில்லை. தாளில் இல்லாததைச் செய்யாதவர் என்றுதான் சொல்வார்கள். வாடிக்கையாளரின் இயந்திரத்தில் எதைத் தொட்டாலும் செய்முறைத் தாள் ஒன்று இருக்கவேண்டும். ஒருவர் வரியை வாசிக்க வேண்டும், இன்னொருவர் விரலால் காட்டிச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும். கட்டளைகளைத் தாளிலிருந்து அப்படியே எடுத்துப்போட வேண்டுமே தவிர சொந்தமாக ஒரு எழுத்தையும் தட்டக்கூடாது. தாளில் இல்லாத ஒன்று தேவைப்பட்டால் கையை விலக்கிக்கொண்டு பிரிவுத் தலைவரைக் கூப்பிட வேண்டும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தத் தாள் ஒரே பக்கம். எங்காவது ஒரு தவறு நடக்கும். மன்னிப்புக் கடிதம் போகும். இனி இப்படி நடக்காதிருக்க என்னென்ன செய்வோம் என்று அதில் எழுதிக் கொடுப்பார்கள். எழுதிக் கொடுத்ததெல்லாம் அடுத்த தாளில் வரிகளாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கோயிலில் எடுத்த குறிச்சீட்டில் கெட்ட பலன் வந்தால் அதை அங்கேயே மரக்கிளையில் கட்டிவிட்டுப் போவார்களே, அதுபோல. அன்றைக்கு அவர் பையில் இருந்த தாள் எட்டுப் பக்கம். அறுபத்தோரு வரி. மாற்றவேண்டியிருந்ததோ இரண்டே எண்கள்.

மருத்துவமனையில் புதிதாக ஒரு பிரிவு திறந்திருந்தார்கள். செவிலியர் கையில் இருக்கும் பலகைக் கணினிகளெல்லாம் ஒரே நேரத்தில் சாப்பாட்டுத் தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கின. யாருக்கு உப்பில்லாமல், யாருக்கு மசித்து, யாருக்கு இறால் ஆகாது என்பதெல்லாம் அந்த ஒரு சர்வரில் இருந்தது. ஒரே சமயத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லலாம், அதற்கு எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்ற இரண்டு எண்களையும் உயர்த்தவேண்டும். சர்வரை நிறுத்தி, அமைப்புக் கோப்பைத் திறந்து, எண்களை மாற்றி, மறுபடி ஓட்டவேண்டும். அவ்வளவுதான். மூன்று மணிக்குச் சமையல்கூடம் ராத்திரிச் சாப்பாட்டுச் சீட்டுகளை அச்சடிக்கும். அதற்குள் சர்வர் எழுந்திருக்க வேண்டும்.

சர்வர் அறை தரைத்தளத்தில், சமையல்கூடத்துக்கு அடுத்த கதவு. முன்பு ஊறுகாய்ப் பீப்பாய் வைத்திருந்த இடம்; ஈரக்காற்று அடித்தால் இப்போதும் முள்ளங்கி நாற்றம் வரும். வாசிப்பவர் ததேநோ அம்மாள். ஓய்வுபெற்று, குறைந்த சம்பளத்தில் மறுபடி சேர்ந்தவர். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். குரல் மட்டும் ரயில் நிலைய அறிவிப்பாளரின் குரல்.

"வரிசை முப்பத்தாறு! இணைப்பு எண்ணிக்கை, இருநூறு!"

விரல் காதுக்குப் போய்த் திரைக்கு வந்தது. "இருநூறு. சரி!"

"வரிசை முப்பத்தேழு! கோப்பைச் சேமித்து மூடு!"

"மூடியாச்சு. சரி!"

"வரிசை முப்பத்தெட்டு! கோப்பை நிர்வாகி தவிர வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டு! பக்கத்துல குறிப்பு: சென்ற ஆண்டுத் தவறு, தடுப்பு ஏற்பாடு ஐந்து!"

"பூட்டியாச்சு. சரி!"

கோப்பின் பெயர், அளவு, தேதி மூன்றையும் பட்டியலில் காட்டிச் சரிபார்த்தார்கள். பிறகு சர்வரை ஓட்டும் வரி. இசோபே கட்டளையை எடுத்துப்போட்டு விரல் நுனியை அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

திரையில் ஒரே வரி வந்தது: தொடங்க இயலவில்லை.

"வரிசை நாப்பத்தொண்ணு," என்றார் ததேநோ அம்மாள், குரல் கொஞ்சம் இறங்கி. "தொடங்கலேன்னா பதிவேட்டோட கடைசி இருபது வரியப் பாரு."

பார்த்தார்கள். பதிவேட்டின் கடைசி வரி காலையில் அவர்களே சர்வரை நிறுத்தியபோது எழுதப்பட்டது: முறைப்படி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. முனகல்கூட இல்லை. செத்தவன் கடைசியாக 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிட்டுப் போனதுபோல இருந்தது.

மறுபடி ஓட்டினார்கள், அப்படி இரண்டு முறை செய்யலாம் என்று தாளிலேயே இருந்தது. இரண்டு முறையும் அதே வரி. இசோபே பிரிவுத் தலைவர் ஹிராநுமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னணியில் பியானோ கேட்டது.

"சொல்லுங்க இசோபே-சான்," என்று ஹிராநுமா கிசுகிசுத்தார். "பொண்ணு கச்சேரில இருக்கேன். இன்னும் அவ முறை வரல."

"சர்வர் எழுந்திருக்க மாட்டேங்குது தலைவரே. பதிவேட்டுலயும் ஒண்ணும் இல்ல. இயந்திரத்தோட பொதுப் பதிவேடு வேற இருக்கு, அதத் திறந்தா காரணம் தெரிஞ்சிடும். ஒரே கட்டளைதான்."

"அது தாள்ல இருக்கா?"

"இல்ல."

"அப்ப என்ன கட்டளைன்னு எழுதி அனுப்புங்க. நான் தாள்ல சேத்து, மருத்துவமனை அலுவலகத் தலைவரோட முத்திரை வாங்கி..."

"அவர் எங்க இருக்கார்?"

"வெந்நீர் ஊத்து விடுதில. வருஷக் கடைசி விருந்து." கைதட்டல் எழுந்தது. ஹிராநுமாவும் ஒரு கையால் தொடையைத் தட்டுவது கேட்டது. "இந்நேரம் தொட்டிக்குள்ள இருப்பார். முத்திரையும் கையில இருக்காது. பழைய நிலைக்குத் திருப்புற பகுதி தாள்ல இருக்குல்ல? திருப்பிடுங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாம். கை மட்டும் தாள் வழியே போகட்டும்."

அதில் இசோபேக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் சர்வர் ஓடத்தானே வேண்டும்? நேற்றுவரை ஓடியதுதானே? ததேநோ அம்மாள் ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். புதிய கோப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் பழைய கோப்பை அதன் இடத்தில் வைத்தார்கள். "வரிசை முப்பத்தெட்டில் உள்ளபடி பூட்டு!" பூட்டினார்கள். பெயர், சரி! அளவு, சரி! தேதி, சரி!

தொடங்க இயலவில்லை.

இசோபே நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மாற்றிய எண்களில் தவறென்றால் பழைய எண்களில் ஓடவேண்டும். பழைய எண்களிலும் ஓடவில்லை என்றால் தவறு எண்களில் இல்லை. எண்களில் இல்லை என்றால் எதில்? அவர்கள் வேறு எதையும் தொடவே இல்லையே! எல்லாவற்றையும் காட்டினார்கள், எல்லாவற்றுக்கும் 'சரி' சொன்னார்கள். ஒருவர் பல்லைப் பிடுங்கப் போய், பிடுங்காமல் திரும்பி வந்தும், வாய் திறக்காமல் போனதுபோல இருந்தது.

"சோதன இயந்திரத்துல ஓடிச்சே," என்றார் ததேநோ அம்மாள்.

"ஓடிச்சு."

"இதே தாள்தானே?"

"இதே தாள்தான்."

"அப்ப தாள் மேல தப்பில்ல. இந்த மெஷின்தான் தாளப் படிக்கல." அவர் சிரிக்கவில்லை. இசோபேயும் சிரிக்கவில்லை. அவர் விரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பொதுப் பதிவேடு இரண்டே விசைத் தட்டல் தூரத்தில் இருந்தது. பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் சாவியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல எரிச்சல் வந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தாளின் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தின் மேலேயே ஒரு பயமும் வந்தது.

கதவைத் தட்டாமல் ஒரு வெள்ளைத் தொப்பி உள்ளே எட்டிப் பார்த்தது. சமையல்கூடத்தின் உணவியல் அதிகாரி மொமோசே.

"ரெண்டு மணி ஆகப்போகுது. எப்படி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம்..."

"இசோபே-சான், நான் நேராவே சொல்லிடறேன். மூணு மணிக்கு எனக்குச் சீட்டு வரலேன்னா விதி இருக்கு. எல்லாருக்கும் கஞ்சி. யாருக்கு எது ஆகாதுன்னு தெரியாம நான் தட்டுல ஒரு துரும்பு வெக்க முடியாது." தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "இன்னிக்கு என்ன நாள்னு தெரியும்ல? காலைல கரையிலேர்ந்து நாலு பெட்டி ஹதஹதா வாங்கிக் கழுவி வெச்சிருக்கேன். முட்டையோட. வருஷத்துக்கு ஒரு ராத்திரி. கஞ்சின்னா அத்தனையும் நாளைக்குக் குப்ப."

"மூணுக்குள்ள வந்துடும்," என்றார் இசோபே. அப்படி வரும் என்று தாளில் எங்கும் இல்லை.

எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார். பானம் விற்கும் இயந்திரத்தின் பக்கத்தில் சக்கரநாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். கை மணிக்கட்டில் பெயர்ப்பட்டை: தொகாஷி. கடல் உப்பு இன்னும் ஒட்டியிருப்பதுபோன்ற தோல்.

"ஏம்ப்பா, நீதானே மெஷின்காரன்?" என்றார். "அந்தத் தொப்பிக்காரம்மா மூஞ்சி சரியில்ல. கேட்டா சொல்ல மாட்டேங்குது. ராத்திரி மீன் உண்டா, இல்லையா?"

"உண்டு ஐயா."

"உண்டுங்கிறான்! நான் நாப்பது வருஷம் கணவாய் மீன் படகுல இருந்தவன். பொய் சொல்றவன் கழுத்து எப்படித் திரும்பும்னு எனக்குத் தெரியும்." தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "இதக் கிழிச்சுத் தெச்சு மூணு வாரம் ஆச்சு. அன்னிலேர்ந்து வெறும் கஞ்சித் தண்ணி. நேத்துத்தான் டாக்டர் சொன்னார், பெரியவரே, நாளைக்கு ராத்திரியிலேர்ந்து கெட்டியாச் சாப்பிடலாம்னு. நாளைக்குன்னா இன்னிக்கு. இன்னிக்குன்னா ஹதஹதா. காலைல இடி கேட்டேன் பாரு, அழுதுட்டேன்பா. பக்கத்துக் கட்டில்காரன் எனக்கு வலிக்குதுன்னு மணி அடிச்சுட்டான்."

இசோபே பேச்சை மாற்றப் பார்த்தார். "எந்தக் கட்டில் ஐயா நீங்க?" என்று கேட்டுவைத்தார்.

"மாடில, கதவுலேர்ந்து நாலாவது. ஆனா அஞ்சுன்னு எழுதியிருக்கும். இங்கதான் நாலே கெடையாதே, நம்ம வாயில நாலும் சாவும் ஒரே சத்தமாச்சே. ஆஸ்பத்திரில எவன் நாலாம் நம்பர்ல படுப்பான்?" பெரியவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "போ போ. போய் அத மெரட்டு. எங்க படகு இஞ்சினும் அப்படித்தான், ஒரு வார்த்த பேச மாட்டான். கொறடால ஒண்ணு போட்டாத்தான் கெளம்புவான்."

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஹிராநுமாவைக் கூப்பிட்டார், மணி அடித்து ஓய்ந்தது. மகள் மேடை ஏறியிருக்க வேண்டும். தாளில் செய்ய அனுமதி இருந்தது ஒன்றே ஒன்றுதான், கோப்புப் பட்டியலைக் காட்டும் வரி. எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்ப்பதால் எதுவும் மாறாது.

"இன்னொரு தடவ பட்டியலப் பாப்போம்," என்றார்.

"பாத்துப் பாத்து அது தேஞ்சிடப் போகுது," என்றார் ததேநோ அம்மாள். ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "கோப்பின் பெயர்!"

விரல் காதுக்கு உயர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

காலையிலிருந்து அந்த விரல் திரையில் மூன்று இடங்களுக்குத்தான் போயிருந்தது. பெயர், அளவு, தேதி. மூன்றும் வரியின் வலது பக்கம். விரல் போன இடத்துக்குக் கண் போனது. விரல் போகாத இடத்துக்குக் கண்ணும் போகவில்லை. இப்போது விரல் காதோரம் நிற்க, கண் மட்டும் தனியாக வரியின் இடது ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் சொந்தக்காரர் யார், யார் யார் அதைத் திறக்கலாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டியலில் இருந்த எல்லாக் கோப்புகளுக்கும் சொந்தக்காரர் தரவுத்தளம். இது ஒன்றுக்கு மட்டும் நிர்வாகி. நிர்வாகியைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாது.

வேறு யாரும் என்றால், தரவுத்தளமும்தான்.

"ததேநோ-சான்," என்றார். "நாம கோப்பப் பூட்டினோம்ல? திருடன் வரக்கூடாதுன்னு பூட்டினோம். வீட்டுக்காரனையும் சேத்து வெளிய நிறுத்திட்டோம். உள்ள என்ன எழுதியிருந்தா என்ன, புது எண்ணா இருந்தா என்ன, பழைய எண்ணா இருந்தா என்ன? அவனால திறக்கவே முடியல. எங்க எழுதணும்னு தெரிஞ்சுக்கவே அவனுக்கு அந்தக் கோப்பு வேணும். அதான் பதிவேட்டுல ஒரு வரிகூட இல்ல."

"சோதன இயந்திரத்துல?"

"அங்க தரவுத்தளத்த நிர்வாகி பேர்லயே ஓட்டறோம். வீட்டுக்காரனும் சாவிக்காரனும் ஒரே ஆளு."

ததேநோ அம்மாள் முப்பத்தெட்டாம் வரியை மறுபடி, இம்முறை வாய்க்குள்ளேயே, படித்தார். தவறு நடக்காதிருக்கப் போட்ட வரி. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. பழைய நிலைக்குத் திரும்பும் பகுதியிலும் அதே வேலி.

"சரி பண்ண எவ்வளவு நேரம்?"

"ஒரு வரி. சொந்தக்காரர மாத்தணும். அவ்வளவுதான்." இசோபே இரண்டு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டார். "ஆனா அந்த வரி தாள்ல இல்ல."

மறுபடி ஹிராநுமாவைக் கூப்பிட்டார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது. மருத்துவமனை அலுவலகத் தலைவரைக் கூப்பிட்டால் விடுதிக்காரப் பெண் எடுத்து, ஐயா இப்போது மேடையில் பாடிக்கொண்டிருக்கிறார் என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கூடத்தில் பாத்திரங்கள் அசையாமல் இருந்தன. அரிசியைக் கஞ்சிக்குப் போடுவதா, சோற்றுக்குப் போடுவதா என்று மொமோசே காத்திருக்கிறார் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்க இசோபேக்குத் துணிவில்லை. காரணம் தெரியாமல் தவித்தது ஒருவிதம். தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது. விரலால் காட்ட அவருக்குத் தெரியும். யாரும் வாசிக்காத ஒன்றைச் செய்ய அந்த விரலுக்குத் தெரியாது. அதுதான் அவர் வாழ்க்கை.

"அந்தக் கட்டளையச் சொல்லுங்க," என்றார் ததேநோ அம்மாள்.

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க. தெரிஞ்சுக்கக் கூடாதா?"

சொன்னார். ததேநோ அம்மாள் தன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தாளில் முப்பத்தெட்டுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளியில், எறும்பு எழுத்தில் ஏதோ எழுதினார். பைக்குள்ளிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து வாயால் ஊதி, அந்த எறும்புகளின் வால் பக்கம் பதித்தார். பிறகு எழுந்து நின்றார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார். இடது கையில் தாள், வலது கை விரல் தாளின் மேல்.

"வரிசை முப்பத்தெட்டு, உட்பிரிவு இரண்டு!" என்றார், ரயில் நிலையம் முழுக்கக் கேட்கும் குரலில். "கோப்பின் சொந்தக்காரரைத் தரவுத்தளம் என்று மாற்று!"

"ததேநோ-சான், இது..."

"வாசிச்சாச்சு இசோபே-சான். வாசிச்ச வரிய நிக்க வெக்கக் கூடாது. நான் மறுபடி வேலைல சேந்த அன்னிக்கு எனக்கு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க."

விரல் தானாகக் காதுக்கு உயர்ந்தது. நீண்டது. "சொந்தக்காரர், தரவுத்தளம்," என்றார். தட்டினார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கையால் அடித்த முதல் சொந்த வரி. பட்டியலைப் பார்த்தார். இடது ஓரத்தைக் காட்டினார். "சரி!"

சர்வர் எழுந்தது. வம்பு ஏதுமில்லாமல், காலையிலிருந்து இதற்காகத்தான் உட்கார்ந்திருந்ததுபோல எழுந்தது. பதிவேட்டில் வரிகள் மளமளவென்று விழுந்தன. எழுந்தது பழைய எண்களோடுதான். புதிய எண்களை மறுபடி போட அன்று நேரமும் இல்லை, யாருக்கும் மனசும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சீட்டு அச்சிடும் இயந்திரம் கிர்ர் என்று சுற்றத் தொடங்கியது. மொமோசே யாரையோ பார்த்துக் கத்தினார்: "சோறு! சோத்துக்குப் போடு!"

சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது தாழ்வாரமெங்கும் மிசோ வாட்டும் மணம். தொகாஷி பெரியவர் மாடிக்குப் போகும் மின்தூக்கி வாசலில் இருந்தார். இசோபேயின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொறடாவா?" என்றார்.

"கொறடா மாதிரிதான் ஐயா."

"அப்படி வா," என்றார் பெரியவர். "முட்ட நறுக்குன்னு இருக்கணும். கொழகொழன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

கதை அங்கே முடிந்திருந்தால் இசோபே அன்று ராத்திரி வீட்டில் மீனை நிம்மதியாகத் தின்றிருப்பார். மறுநாள் காலை ஹிராநுமா முன்னால் இருவரும் நின்றார்கள். சர்வர் எழுந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தாளில் இல்லாத ஒன்றைச் செய்தது ஏன் என்றுதான் கேள்வி. ததேநோ அம்மாள், தாளில் இருந்தது, நான் வாசித்தேன், முத்திரையும் இருக்கிறது என்று ஒரே பிடியாக நின்றார். ஹிராநுமா அந்தப் பென்சில் எறும்புகளைச் சாளர வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் இருவரும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். இசோபே அந்த மருத்துவமனை வேலையிலிருந்து எடுக்கப்பட்டு, அலுவலகத்திலேயே மற்றவர்களின் தாள்களைச் சரிபார்க்கும் மேசைக்கு அனுப்பப்பட்டார். அவர் பெயரில் முதல் தவறு பதிவானது.

முப்பத்தெட்டாம் வரியை எடுத்துவிடலாம் என்று இசோபே சொல்லிப் பார்த்தார். எடுக்க முடியாது என்றார்கள். அது மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்த வாக்கு. வாக்கைத் திரும்பப் பெற இன்னொரு கடிதம் வேண்டும், அதற்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் வாக்கே தவறென்று ஒப்புக்கொண்டதாகும். ஆகவே புதிய தாளில் இரண்டும் இருக்கின்றன: ஒரு வரி கோப்பைப் பூட்டும், அடுத்த வரி திறக்கும். இடையில் விரலால் காட்டிச் 'சரி' சொல்லவேண்டும். இன்றைக்கும் யாரோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொந்தக்காரர் பத்தியையும் காட்டவேண்டும் என்ற வரியோடு தாள் ஒன்பது பக்கமாகிவிட்டது.

வீட்டில் மட்டும் ஒரு மாற்றம். வாசலில் எரிவாயு, கொக்கி, விளக்கு மூன்றையும் காட்டிய பிறகு இசோபே கொஞ்சம் தயங்கி நிற்கிறார். காட்டாத பக்கமாக ஒருமுறை தலையைத் திருப்புகிறார். "என்ன தேடறீங்க?" என்கிறாள் மனைவி. "ஒண்ணுமில்ல," என்கிறார்.

அடுத்த ஏப்ரலில் ஹிராநுமாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். வழியனுப்பு விருந்தில் இசோபே பக்கத்தில் உட்கார்ந்து அவர் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே, மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்: அந்தப் பூட்டும் வரி யாருடைய யோசனை?

ஹிராநுமா முகம் சிவந்திருந்தது. "அந்தப் பழைய மன்னிப்புக் கடிதமா? அதுல தடுப்பு ஏற்பாடு நாலுதான் இருந்துச்சு. நல்ல நாலு. எல்லாரும் உக்காந்து யோசிச்சு எழுதினது. முத்திரைக்குக் கொண்டு போறப்பதான் பாத்தேன்." கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரிக்கு எப்படி இசோபே-சான் நாலுன்னு எழுதி அனுப்பறது? அச்சு மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே இன்னொண்ணு சேத்தேன்."